அசையாத முள்

அவர் இறந்தபோது துறை வெளியிட்ட இரங்கல் குறிப்பில் அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: "அன்னாரது பணிக்காலத்தில் குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதும் நடைபெறவில்லை." எழுதியவருக்கு அவரைத் தெரியாது. இடத்தைக் காலியாக விடக்கூடாதே என்ற பயத்தில் எதையோ எழுதி நிரப்பியிருக்கிறார். அரசாங்கம் கை தவறி உண்மையைச் சொல்லிவிடும் தருணங்கள் மிகக் குறைவு. அவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் மாநில அரசின் தண்ணீர்க் குழாய் ஆய்வாளர். தெருவுக்கடியில் பெரிய குழாய் பதிப்பதும், தெருவோரம் தீயணைப்பு வண்டிக்காரர்கள் ஹோஸ் மாட்டுவதற்காகச் சிவப்பு நிறத்தில் ஹைட்ரண்ட் நடுவதும் ஒப்பந்ததாரர்களின் வேலை. அவர்கள் அதை ஒழுங்காகச் செய்தார்களா என்று அரசின் சார்பில் பார்ப்பது இவருடைய வேலை. பதித்த குழாயில் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, எல்லா வால்வுகளையும் அடைத்துவிடுவார்கள். பிறகு பிரஷர் மீட்டரின் முன்னால் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் தேர்ச்சி. சுருக்கமாகச் சொன்னால், ஒரு முள் அசையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக அரசு ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, ஓய்வூதியமும் கொடுத்தது. வேலைக்காரர்கள் அவருக்கு 'முள்ளு சார்' என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

"என்ன சார், அவ்வளவு நேரம் பாக்கறீங்களே, ஒரு தடவையாவது அசைஞ்சுதா?" என்று பள்ளத்துக்குள்ளிருந்து யாராவது கேட்பான்.

"இல்லப்பா. அசையாம நிக்கறதுல அதுக்கு நீதான் குரு" என்பார், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய மற்றொரு வேலை, சோதனைக்கு முன்னால் பள்ளத்தைப் பார்ப்பது. குழாய் உட்கார்ந்திருக்கும் விதம், இணைப்புகள், வால்வுகள் எல்லாவற்றையும் அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் மண்ணைத் தள்ள வேண்டும். விதி அப்படி. விதிகளில் பெரும்பாலானவை மனிதனைப் பார்த்துப் பயந்து எழுதப்பட்டவை. இது மண்ணைப் பார்த்துப் பயந்து எழுதப்பட்டது. மண்ணைப் போட்டு மூடிவிட்டால் எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான்.

அவருக்குக் கல்யாணம் ஆன கதையும் ஒரு குழாயில்தான் தொடங்குகிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மரக்கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் ஒரு கடை தீப்பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஹோஸை மாட்டி, கடைக்கு எதிரே பளபளவென்று நின்ற ஹைட்ரண்டைத் திறந்தார்கள். அது ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். காற்று மட்டும் வந்தது. கடை அடுக்கியிருந்த பலகைகளோடு எரிந்து முடிந்தது. விசாரணைக்கு அனுப்பப்பட்ட இளம் ஆய்வாளர் தெருவைத் தோண்டிப் பார்த்தார். ஹைட்ரண்டுக்குப் போகும் கிளைக்குழாயின் வால்வை எப்போதோ சோதனைக்காக அடைத்திருக்கிறார்கள். சோதனை முடிந்த பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டிய பழைய ஆய்வாளர் தெருமுனை டீக்கடையிலிருந்தபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறார். டீ நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்கள்.

கடைக்காரர் கரியாகிப்போன வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் உயிரோடிருந்த நாளெல்லாம் ஏதாவது ஒரு நாற்காலியில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள்தான் ஆய்வாளரிடம் பேசினாள். இடுப்பில் ஒரு சின்னப் பையன், அவளுடைய தம்பி.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"வால்வு மூடியிருந்துச்சு."

"அது எங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. யாரு பாக்காம விட்டது?"

'விசாரணை நடந்துகொண்டிருக்கிறது' என்ற பதில் இப்படிப்பட்ட நேரங்களுக்காகவே துறையால் தயாரித்து வைக்கப்பட்டிருக்கிறது. புதிய ஆள் என்பதால் அவருக்கு அது மறந்துவிட்டது.

"எங்க ஆளுதான்" என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தத் தீயினால் ஒரே ஒரு நன்மை விளைந்தது; தீயணைப்புத் துறை அதைப் பதிவு செய்யவில்லை. அடுத்த வருடம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. சின்னப் பையனும் அக்காவோடு அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தான். எல்லோரும் அவனைச் சின்னவன் என்றே கூப்பிட்டார்கள். அவர் மட்டும் அவனை, அவன் மேசை உயரம்கூட வளராத காலத்திலிருந்தே, "மாப்ளே" என்று மரியாதையாக அழைத்தார். அவன் "மாமா" என்பான். அந்த வீட்டில் வேறு குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தவர்களுக்கு, "அதான் ஒருத்தன் கல்யாணச் சீரோட வந்துட்டானே" என்று பதில் சொல்லிவிடுவார்.

அது சிறிய வீடு. முன்னறையில் அவளுடைய தையல் மிஷின். மருத்துவமனைகளுக்குத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுப்பாள். நடு அறையில் சாப்பாட்டு மேசை. பின்னால் சமையலறை. அங்கிருந்த குழாய் அந்த ஊரிலேயே சொட்டாத ஒரே குழாயாக இருந்திருக்கும். சாப்பிட உட்காரும் முன் அதை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். "இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுதா? தட்டு வைக்கலாமா?" என்பாள் அவள்.

சின்னவன் வளர்ந்து பிளம்பர் ஆனான். இதில் யாருக்கும் வியப்பில்லை. அந்த வீட்டில் பூனை வளர்ந்திருந்தால் அதுவும் பிளம்பராகியிருக்கும். வீடுகளுக்குக் குழாய் போடுவதில் கெட்டிக்காரன். அவன் கைபட்ட குளியலறைகளில் பிறகு யாரும் சுத்தியலோடு நுழைய வேண்டியிருந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு தெருக் குழாய் பதிக்கும் ஒப்பந்ததாரர் உரிமம் வாங்கினான். அவனுக்குக் கிடைத்த முதல் ஒப்பந்தம், அவன் அப்பாவின் கடை எரிந்த அதே தெரு. தீ விபத்து நடந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தெருவுக்குப் புதிய குழாய் அவசரமாகத் தேவை என்று அரசு முடிவு செய்திருந்தது.

மச்சினன் போடும் குழாயை மாமன் ஆய்வு செய்யலாமா? கூடாது. அதற்கும் விதி இருந்தது. முள்ளு சார் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்: ஒப்பந்ததாரர் எனக்கு நெருங்கிய உறவு, வேறு ஆய்வாளரை அனுப்பவும். பதில் வந்தது: "தற்சமயம் மாற்று ஆய்வாளர் இல்லை. ஆகவே, ஆய்வின்போது தாங்கள் உறவினராக இல்லாமல் இருந்து பணியை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

வேறு யாராக இருந்தாலும் படித்துச் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அவர் அதைக் கடைப்பிடித்தார்.

வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடா கட்டியிருப்பார்கள். அதுதான் எல்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். நாடாவுக்கு உள்ளே அவர் ஆய்வாளர், சின்னவன் ஒப்பந்ததாரர். வெளியே மாமன், மச்சினன். மதியம் அக்காவிடமிருந்து ஒரே டிபன் கேரியர்தான் வரும். மேல் அடுக்கு அரசுக்கு, கீழ் அடுக்கு ஒப்பந்தத்துக்கு. அவர் நாடாவைத் தூக்கி, குனிந்து வெளியே வந்து, மருந்துக்கடை நிழலில் உட்கார்ந்துகொள்வார்.

"மாப்ளே, இன்னிக்கு உப்பு கம்மியா இல்ல?"

"நீங்க ஏதாவது சொல்லிட்டு வந்திருப்பீங்க மாமா. அக்கா கோவத்த உப்புலதான் காட்டும்."

சாப்பிட்டு, கைகழுவி, மறுபடி குனிந்து உள்ளே போவார். நிமிரும்போது முகம் மாறியிருக்கும்.

"ஒப்பந்ததாரரே, அந்த வால்வுப் பெட்டி மூடி ஏன் சாஞ்சிருக்கு?"

"சரி பண்ணிடறேன் சார்."

வேலைக்காரர்களுக்கு இது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமே. சின்னவன் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். முள்ளு சார் விளையாடவில்லை.

தெரு வளையும் இடத்தில், மருந்துக்கடைக்கு எதிரே, பெரிய குழாயும் வளைய வேண்டும். வளைவு தாண்டியதும் ஹைட்ரண்ட். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வேகமாக வரும் தண்ணீருக்குத் திரும்பத் தெரியாது. நேராகப் போகத்தான் பார்க்கும். குழாய் அதை மடக்கித் திருப்பும்போது குழாயையே பிடித்துத் தள்ளும். தள்ளுகிற பக்கத்தில் கெட்டியான மண்ணோடு சேர்த்து ஒரு காங்கிரீட் முட்டு வைக்காவிட்டால் இணைப்பு ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். பெரும்பாலும் அந்த ஒருநாள் எதுவென்றால், தீயணைப்பு வண்டி அவசரமாகத் தண்ணீரை இழுத்து, சட்டென்று நிறுத்துகிற நாள்.

வளைவு வேலை நடந்த அன்று அவர் பக்கத்து ஊரில் வேறொரு சோதனைக்காக முள்ளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பள்ளத்தின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியத் தொடங்கியது. மருந்துக்கடையின் படிக்கட்டில் ஒரு விரிசல் தெரிந்தது. இன்னும் ஒரு மழை அடித்தால் படி பள்ளத்துக்குள் வந்துவிடும்.

"சீக்கிரம் மூடிடலாம் தம்பி" என்றார் மேஸ்திரி.

சின்னவன் முள்ளு சாருக்குப் போன் செய்தான். மறுபடி செய்தான். முள்ளைப் பார்க்கும் நேரத்தில் அவர் போனைப் பையில் போட்டு வைத்திருப்பார் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. முதல் துளி விழுந்ததும் மண்ணைத் தள்ளச் சொன்னான்.

மறுநாள் காலையில் முள்ளு சார் நாடாவுக்குள் வந்து, சமமாக்கி வைத்திருந்த மண்ணின் மேல் நின்றார்.

"வளைவு எங்க?"

"அடியில இருக்கு சார்."

"அது தெரியுது. முட்டு?"

"கெட்டியா போட்டிருக்கேன் சார். மழை வந்துடுச்சு, கடைப்படி சரியற மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன்."

மேஸ்திரி முன்னால் வந்தார். "யானை வந்து முட்டினாலும் அசையாது சார். நானே நின்னு போட வச்சேன்."

"யானை வரும்னு எனக்குத் தகவல் இல்ல மேஸ்திரி. தண்ணிதான் வருது." காலால் மண்ணை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "நான் பாக்கல. தோண்டுங்க."

மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். "திரும்பவுமா? ஏன் சார், ஒரு வாரமா என் கடைக்கு வர்றவன் பலகை மேல நடந்து வர்றான். வழியில வழுக்கி விழுந்து, அந்தக் காயத்துக்கு மருந்து வாங்கிட்டுப் போறான்!"

"அப்போ வியாபாரம் நல்லாத்தானே நடக்குது" என்றார் முள்ளு சார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சின்னவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். அவனுடைய முதல் ஒப்பந்தம். சுற்றிலும் அவன் சம்பளம் கொடுக்கும் ஆட்கள். தெருவே வாசலில் நின்றுகொண்டிருந்தது. "மாமா, நான் போட்டேன்னு சொல்றேன். என்ன நம்பலையா?"

"நாடாவுக்குள்ள மாமா யாரும் இல்ல ஒப்பந்ததாரரே. நாளைக்குத் தோண்டுங்க, நான் வர்றேன்."

அன்று மாலை அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள்தான் இருந்தன. சின்னவன் வரவில்லை. அவள் பரிமாறாமல் முன்னறையில் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மருத்துவமனைத் திரைச்சீலைக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை.

"அவன் பொய் சொல்றவன் இல்ல" என்றாள், மிஷினை நிறுத்தாமல்.

"தெரியும்."

"தெருவுல வச்சு அவன் மானத்த வாங்கிட்டீங்க."

"ஆமா."

"அப்புறம் எதுக்குத் தோண்டணும்?"

அவர் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது. இதே தெருவில் ஒருத்தன் பார்க்காமல் போட்ட கையெழுத்தில்தான் உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவள் அதற்கு மேல் வாதாட முடியாது. அதனால்தான் அவர் சொல்லவில்லை. அவர் எதைச் சொல்லாமல் இருக்கிறார் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. சொல்லித் தொலைத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவர் எழுந்து போய், சொட்டாத குழாயை ஒருமுறை இறுக்கினார்.

மறுநாள் மண் தோண்டும் வண்டி வந்தது. நாடாவைச் சுற்றிக் கூட்டம். சர்க்கஸ் வந்தாலும் ஊரில் இவ்வளவு பேர் சேரமாட்டார்கள். ஒரு குடும்பச் சண்டையை அரசு செலவில் பார்க்கிற வாய்ப்பு தினமும் கிடைப்பதில்லையே. அவளும் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்து, மருந்துக்கடைப் படியில் ஓரமாக நின்றாள்.

கொஞ்சம் ஆழம் போனதும் வண்டியை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் தோண்டினார்கள். நங்கென்று சத்தம் வந்தது. மண்ணை விலக்க விலக்க, காங்கிரீட் முட்டு வெளியே வந்தது. சதுரமாக, வழவழப்பாக, ஒரு வெடிப்பு இல்லாமல், அழகாக இருந்தது. வேலைக்காரர்கள் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தான்.

"பாத்தீங்களா சார், யானை!" என்றார் மேஸ்திரி.

சின்னவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்தது வெற்றிகூட இல்லை. சந்தேகப்பட்டது தப்பு என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும் என்ற எதிர்பார்ப்பு.

முள்ளு சார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். குழாயின் மேல் கையை ஓட்டினார். முட்டைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே நின்றார்.

"நல்ல முட்டு" என்றார்.

"அப்போ மூடிடலாமா சார்?" இது மேஸ்திரி.

"ஒப்பந்ததாரர் கொஞ்சம் இறங்கி வரணும்."

சின்னவன் இறங்கினான்.

"தண்ணி எந்தப் பக்கத்திலிருந்து வருது?"

"அதோ, அங்கேருந்து சார்." கையை நீட்டி, குழாயின் மேலேயே கொண்டுவந்தான். "இப்படி வந்து…"

கை வளைவுக்கு வந்தது. அங்கே திரும்ப வேண்டிய கை திரும்பவில்லை. நேராகப் போய், வளைவின் வெளிப்புறத்தில், எதிர்ச்சுவர் மண்ணில் முட்டி நின்றது. அங்கே முட்டு இல்லை. முட்டு இருந்தது வளைவின் உட்புறத்தில், மடியில் குழந்தையை வைத்த மாதிரி. கை முட்டிய இடத்தில் இருந்தது நேற்று முன்தினம் தள்ளிய பொலபொலப்பான மண். விரல்கள் அதற்குள் சுலபமாகப் புதைந்தன. அவன் கையை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக் குழாய் போட்டுப் பழகிய கை அது. வீட்டில் குழாய் சுவர் முனையைச் சுற்றித் திரும்பும்போது, சுவர் இருக்கும் உட்பக்கத்தில்தான் பிடிப்பு வைப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அவன் வைத்த பிடிப்புகள் எல்லாம் அங்கேதான் இருந்தன, எதுவும் கழன்றதில்லை. வீட்டுத் தண்ணீர் விருந்தாளி மாதிரி வரும். தெருத் தண்ணீர் அப்படி வராது. அவசரத்தில், மழையில், கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. போட்டேன் என்றான், போட்டிருந்தான்.

மேலே நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை கைதட்டலாமா என்று காத்திருந்தார்கள். படியில் நின்றவளுக்கு மட்டும் தம்பியின் கை தெரிந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து ஹைட்ரண்டும் தெரிந்தது. பழைய ஹைட்ரண்ட் நின்ற அதே இடத்தில், இன்னும் பெயின்ட் வாசனை போகாமல் நின்றது.

"டேய்" என்றாள். "உடை."

உடைக்க அன்று முழுவதும் ஆனது. அவ்வளவு தரமான காங்கிரீட். அதன் தரத்தைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை என்பதை, கடப்பாரை பிடித்து உள்ளங்கை கொப்பளித்த ஒவ்வொருவரும் உறுதி செய்தார்கள். சின்னவனும் சேர்ந்து உடைத்தான். சரியான பக்கத்தில் புதிய முட்டு போட்டார்கள். முள்ளு சார் பார்த்தார். அது இறுகிய பிறகுதான் மூடச் சொன்னார். குழாயில் தண்ணீர் ஏற்றி, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முள் அசையவில்லை. ஹைட்ரண்டைத் திறந்தார்கள், தண்ணீர் தெருவின் அடுத்த ஓரம் வரை பாய்ந்து, மருந்துக்கடைக்காரரை முழங்கால் வரை நனைத்தது. அவர் அதற்கும் கத்தினார்.

எல்லாம் முடிந்த பிறகு சின்னவன் கேட்டான், "பாக்காம மூடினத எழுதுவீங்களா? அதான் தோண்டி, கண்டுபிடிச்சு, சரியும் பண்ணியாச்சே."

அவர் நாடாவைத் தூக்கி, குனிந்து, வெளியே வந்து நின்றார்.

"மாப்ளே, எனக்கு ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார்.

மறுபடி குனிந்து உள்ளே போனார். நிமிர்ந்தார்.

"எழுதுவேன் ஒப்பந்ததாரரே."

மாற்று ஆய்வாளர் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாத தலைமை அலுவலகம், ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒன்றை உடனடியாகக் கண்டுபிடித்தது. சின்னவனின் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். கையில் இருந்த ஆட்கள் கலைந்து வேறு இடம் போனார்கள். மேஸ்திரியும் போனார். அவன் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் குளியலறைக் குழாய் மாற்றப் போனான்.

வீட்டை விட்டு அவன் போகவில்லை. அதைவிடக் கடுமையான ஒன்றைச் செய்தான். தலைமை அலுவலகத்தின் உத்தரவை வீட்டுக்குள் கொண்டுவந்தான்.

"சார் சாப்பிட்டாச்சா?" என்று அக்காவிடம் கேட்பான், அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

"உப்ப இப்படித் தள்ளுங்க சார்."

அவர் உப்பைத் தள்ளுவார். "இந்தா மாப்ளே."

"நன்றி சார்."

அவள் ஒருநாள் கரண்டியைக் கீழே போட்டாள். "இது வீடாடா, ஆபீஸாடா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நாடா எங்க கட்டியிருக்குன்னு சாரைக் கேளு."

முள்ளு சார் தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். முள்ளைப் பார்த்துப் பழகியவர். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் குழாயை இறுக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதை அவள் கவனித்தாள். ஒருநாள் அவளே போய் இறுக்கிவிட்டு வந்தாள்.

அந்த வருடம் முடிவதற்குள், மருந்துக்கடைக்குப் பக்கத்து நாற்காலிப் பட்டறையில் மரத்தூள் குவியல் தீப்பிடித்துக்கொண்டது. சிறிய தீ. நண்பகல். வண்டி வந்தது, ஹோஸ் மாட்டினார்கள், ஹைட்ரண்டைத் திறந்தார்கள், தண்ணீர் வந்தது. தீ அணைந்ததும் சட்டென்று அடைத்தார்கள். பட்டறையில் ஒரு மூலை கறுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஹைட்ரண்டிலிருந்து தண்ணீர் வந்தது என்பதை யார் செய்தியாகப் போடுவார்கள்?

பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ வாஷ்பேசின் மாற்றிக்கொண்டிருந்த சின்னவன், மணிச்சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தான். எல்லோரும் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் தெரு வளைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரை அடைத்த நொடியில், தரையின் மேல் உள்ளங்கையை வைத்தான். மருந்துக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ரோட்டுக்கு ஜுரமா?" என்று கேட்டார். கீழே எதுவும் அசையவில்லை.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் கேட்டான், "மாமா சாப்பிட்டாரா?"

எதிரே உட்கார்ந்திருந்த மாமா, "இன்னும் இல்ல மாப்ளே" என்றார். அவள் அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் எதையோ தேடினாள்.

உரிமம் திரும்பக் கிடைத்தது. மேஸ்திரியும் திரும்பி வந்தார், யானை பற்றிய பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. முள்ளு சார் ஓய்வு பெற்றார். புதிதாக வந்த ஆய்வாளர் கெட்டிக்காரர், நேரத்துக்கு வருகிறவர், எல்லாவற்றையும் பார்க்கிறவர். அவர் பார்த்துவிட்டுப் போன பிறகும் சின்னவன் பள்ளத்தை மூடமாட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

"வாங்க மாமா."

"அதான் ஆய்வாளர் பாத்துட்டாராமே? நான் ரிட்டயர் ஆயாச்சு. வெறும் உறவுக்காரன்தான்."

"அதான் கூப்பிடறேன். செருப்ப மாட்டுங்க."

அவர் போய் நாடாவுக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்ப்பார். உள்ளே நுழைய அவருக்கு இப்போது அதிகாரம் இல்லை. அந்த விஷயத்தில் கறாராகவே இருந்தார். முழங்கால் வலியில் குனிய முடியாமல் போன பிறகு, அவருக்காக மடக்கு நாற்காலியைப் பள்ளத்தின் ஓரத்தில் போட்டு வைத்தார்கள். பார்த்து முடித்ததும் தலையை ஆட்டுவார். பிறகுதான் மண் விழும்.

அவர் இறந்தது ஒரு மதியத்தில். தூங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் செய்யும் இடத்தில் அதிகக் கூட்டமில்லை. துறையிலிருந்து ஒருவர் வந்து, அந்த ஒற்றை வாக்கியம் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு நின்றார். மேஸ்திரி வந்திருந்தார். மருந்துக்கடைக்காரரும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். பெட்டியை இறக்கினார்கள். குழிவெட்டுகிறவர் மண்வெட்டியை எடுத்து முதல் மண்ணை அள்ளினார்.

"அண்ணே, இருங்க" என்றான் சின்னவன்.

அவர் நிறுத்தினார். சின்னவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓரத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குழியின் நான்கு பக்கத்தையும் பார்த்தான். பெட்டி சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தான். தலைமாட்டில் பக்கவாட்டு மண் கொஞ்சம் பொலபொலவென்று இருந்தது. கையை விட்டு அதை அழுத்திக் கெட்டியாக்கினான். எல்லோரும் காத்திருந்தார்கள். துறையிலிருந்து வந்தவர் மணியைப் பார்த்தார். அக்கா அவனை அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"பாத்துட்டேன்" என்றான். "இப்ப மூடுங்க."